வெளிநாட்டுத் தோட்ட வேலை: கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. படிவம் நிரப்புவது, படம் எடுப்பது, ஒன்லைனில் விண்ணப்பம் போடுவது எல்லாம் நடக்கும். 2023 கடைசியில் இஸ்ரேலுக்குத் தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், மூதூர், குச்சவெளி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் கோப்போடு வருகிறார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

நான் ஏஜென்ட் இல்லை, யாரையும் அனுப்புவதும் இல்லை. என் மச்சான் கொரியாவில் ஒரு பண்ணையில் 4 வருடம் 10 மாதம் இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் கேட்டதும் இதில் சேர்ந்திருக்கிறது.

"தோட்டம் கொத்த இங்கயிருந்து ஏன் அண்ணா ஆள் கேக்கிறாங்கள்? அவங்கட நாட்டில ஆக்கள் இல்லையா?"

நம் ஊரில் நடந்ததுதான் அங்கேயும் நடந்திருக்கிறது. கந்தளாயில் அருவி வெட்ட (நெல் அறுக்க) ஆள் கிடைக்காமல்தானே வெட்டுமெசின் வந்தது? ஜப்பானில் முழுநேரமாகக் கமம் செய்கிறவர்களின் சராசரி வயது 70-ஐ நெருங்கிவிட்டது. கொரியாவில் விவசாயக் குடும்பங்களில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் 65 வயது தாண்டியவர்கள். பிள்ளைகள் எல்லாம் நகரத்தில். நெல்லுக்கு மெசின் இருக்கிறது. ஸ்ட்ரோபெரி, தக்காளி, குடைமிளகாய் பறிக்க இன்னும் கைதான் வேண்டும்.

இஸ்ரேலின் கதை வேறு. அங்கே தோட்டங்களில் 30,000 அளவில் தாய்லாந்துக்காரர்கள் வேலை செய்தார்கள். 2023 ஒக்டோபர் 7 தாக்குதலில் அவர்களிலும் பல பேர் கொல்லப்பட்டார்கள், பல பேர் கடத்தப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். பலஸ்தீனத் தொழிலாளர்களையும் உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். பழம் மரத்திலேயே அழுகத் தொடங்கியது. அந்த நவம்பரில்தான் 10,000 பேரை அனுப்ப இலங்கை ஒப்பந்தம் போட்டது.

"எந்தெந்த நாட்டுக்குத் தோட்ட வேலைக்குப் போகலாம்?"

நம்மவர்களுக்கு நேர்வழி உள்ளவை முக்கியமாக மூன்று. ஒன்று இஸ்ரேல். இரண்டாவது கொரியா, 2004-ல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் ஈ-9 விசா. மூன்றாவது ஜப்பான், 2019 ஏப்ரலில் வந்த 'குறித்த திறன்' விசா. கொரியாவுக்குக் கொரிய மொழிப் பரீட்சை எழுதவேண்டும். ஜப்பானுக்கு மொழிப் பரீட்சையோடு விவசாயத் திறன் பரீட்சையும் உண்டு. இஸ்ரேலில் அதிகபட்சம் 63 மாதம், கொரியாவில் ஒரு தடவைக்கு 4 வருடம் 10 மாதம், ஜப்பானில் இந்த விசாவின் முதல் நிலையில் மொத்தம் 5 வருடம்.

இங்கிலாந்தில் பருவகால விசா இருக்கிறது, ஆனால் ஆறு மாதம்தான். கனடாவைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். அவுஸ்திரேலியாவின் தோட்டத் தொழிலாளர் திட்டம் பசிபிக் தீவு நாடுகளுக்கும் கிழக்குத் திமோருக்கும் மட்டும். நியூசிலாந்தின் பருவகாலத் திட்டமும் பசிபிக் தீவுக்காரருக்கானது. "அவுஸ்திரேலியா ஃபார்ம் விசா, ஐஎல்ட்ஸ் (ஆங்கிலப் பரீட்சை) தேவையில்லை" என்று வட்ஸ்அப்பில் வருகிற படத்தை என்னிடம் காட்டாதவர் குறைவு. அழித்துவிடுங்கள்.

"மொத்தமா எவ்வளவு கட்டவேணும்? ஒருத்தர் பதினைஞ்சு லட்சம் கேக்கிறார்."

எந்த நாட்டுக்கு என்று முதலில் கேளுங்கள். இஸ்ரேல் தோட்ட வேலையும் கொரியா ஈ-9-உம் அரசாங்கத்துக்கு அரசாங்கம் நடக்கிற விஷயம். அனுப்புவது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். நடுவில் ஏஜென்சிக்கு இடமே இல்லை. டிக்கெட், மருத்துவப் பரிசோதனை, விசா, பதிவு என்று செலவு உண்டு, ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டும் உண்டு. "உள்ளுக்கு ஆள் இருக்கு, பெயரை மேல தூக்கிவிடுவம்" என்று ஒருவர் பதினைந்து லட்சம் கேட்டால், அவர் விற்பது உங்களுக்கு ஏற்கெனவே கிடைக்கக்கூடிய வாய்ப்பைத்தான். உங்கள் பெயர் தானாக வந்தால் காசு அவருக்கு. வராவிட்டால் "அடுத்த முறை பார்ப்பம்".

ஜப்பானுக்கு ஏஜென்சி வழியாகவும் போகலாம். அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

"ஏஜென்சி உண்மையானதா எண்டு எப்பிடிப் பார்க்கிறது?"

பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1985-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அனுமதிப்பத்திரம் இருந்தாலும் போதாது, குறிப்பிட்ட அந்த வேலைக்கும் பணியகத்தின் ஒப்புதல் இருக்கவேண்டும். பத்திரிகை விளம்பரத்தில் அந்த ஒப்புதல் இலக்கத்தைப் போடுவார்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து ஏஜென்சியின் பெயரையும் நாட்டையும் வேலையையும் சொல்லிக் கேளுங்கள், தமிழிலும் பேசலாம். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பைப் பார்க்கும் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். காசு கேட்பதில்லை.

நம் பக்கத்துப் பிரச்சினை ஏஜென்சியைவிட சப் ஏஜென்ட்தான். கொழும்பில் உள்ள கந்தோருக்கு அனுமதி இருக்கும். ஊரில் மோட்டார் சைக்கிளில் வந்து பாஸ்போட் வாங்கிப் போகிறவருக்கு ஒன்றும் இருக்காது. அவர் சொந்தக்காரராக இருப்பதால் யாரும் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை. கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

"சம்பளம் கையில எவ்வளவு வரும்?"

இஸ்ரேலில் 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 6,247.67 ஷெக்கேல் ஆனது. அது 182 மணித்தியாலத்துக்கு, அதாவது மணிக்கு 34 ஷெக்கேலும் கொஞ்சமும். அதற்கு மேல் ஒரு நாளில் முதல் இரண்டு மணி ஓவர்டைமுக்கு ஒன்றேகால் மடங்கு, பிறகு ஒன்றரை மடங்கு. தோட்டக்காரர் தங்குமிடம், காப்புறுதி போன்றவற்றுக்குக் கழிக்கலாம். ஆனால் எல்லாக் கழிவும் சேர்ந்து சம்பளத்தின் கால்பங்கைத் தாண்டக்கூடாது.

கொரியாவில் 2026-க்கு மணிக்கு 10,320 வொன். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த நாட்டின் தொழிற்சட்டத்தில் வேலைநேரம், இடைவேளை, விடுமுறை பற்றிய விதிகள் விவசாயத்துக்குப் பொருந்தாது. அதனால் தொழிற்சாலைக்குப் போன பக்கத்து வீட்டுப் பையன் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு வாங்கும்போது, பண்ணையில் இருப்பவருக்குச் சாதாரண மணிக்கூலிதான் வரும். ஜப்பானிலும் விவசாயத்துக்கு இதே மாதிரி விலக்கு இருக்கிறது. ஃபேஸ்புக்கில் ஒருவர் காட்டுகிற சம்பளச் சீட்டைப் பார்த்து கணக்குப் போடுவதற்கு முன், அவர் என்ன துறை என்று கேளுங்கள்.

"செய்த மணித்தியாலத்தை அவங்கள் குறைச்சு எழுதினா?"

மச்சான் கொண்டுவந்த பெட்டியில் உடுப்புக்கு அடியில் நாலு கொப்பிகள் இருந்தன, பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கிற மாதிரி ஒற்றைறூள் கொப்பி. ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம். "5.40 – 11.30, 12.30 – 6.15, கோவா." அடுத்த வரியில் "மழை. கொட்டிலுக்குள் உரப்பை தைத்தது. 4 மணி." பெருவிரல் மண் பட்ட தடம்கூட அப்படியே இருக்கிறது. முதலாளி மாதம் 226 மணி என்று எழுதிக்கொண்டிருந்தார், கொப்பியில் கூட்டினால் 260-க்கு மேல் வந்தது. அங்குள்ள வெளிநாட்டுத் தொழிலாளர் உதவி நிலையம் ஒன்றுக்கு அந்தக் கொப்பியையும் தோட்டத்தில் நேரம் தெரிய எடுத்த படங்களையும் கொண்டுபோனார். முழுதும் வரவில்லை, பெரும்பகுதி வந்தது.

ஆகவே போகிறவர் முதலில் வாங்கவேண்டியது ஒரு கொப்பி. போனில் மட்டும் எழுதாதீர்கள், போன் சேற்றில் விழும். சம்பளச் சீட்டு, ஒப்பந்தம் இரண்டையும் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள்.

"வேலை கஷ்டமா? நான் வயல்காரன்ட மகன், எனக்கு வெயில் பழக்கம்."

வெயில் பழக்கம் உதவும்தான். ஆனால் நம் வயலில் பத்து மணிக்கு வரம்பில் குந்தித் தேத்தண்ணீர் குடிக்கலாம். அங்கே பாத்தி பாத்தியாக ஒரே அசைவு, குனிந்தபடி, நாள் முழுக்க. இஸ்ரேலின் தெற்கே அரவா பாலைவனத்தில் குடைமிளகாய் போடுகிறார்கள். கோடையில் 40 பாகை தாண்டும். கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்தில் தகரக் கொட்டிலுக்குள் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொரியாவில் எதிர்ப்பக்கம். தை மாதத்தில் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகைக்கும் போகும். பொலித்தீன் கூடாரத்துக்குள் வேர்க்கும், வெளியே வந்தால் வேர்வை உறையும். மச்சான் முதல் மாதம் முழங்காலுக்குத் தைலம் பூசியபடியே அழுதாராம். அதை இரண்டாவது மாதச் சம்பளம் வந்த பிறகுதான் வீட்டுக்குச் சொன்னார்.

"தங்குமிடம் எப்பிடி? தங்கச்சியும் போகக் கேக்கிறாள்."

இதைத்தான் ஒப்பந்தத்தில் முதலில் பார்க்கவேண்டும். 2020 டிசம்பரில் கொரியாவின் பொச்சியோன் பகுதியில், கடுங்குளிர் நாளொன்றில், பயிர்க்கூடாரத்துக்குள் போட்ட தங்குமிடத்தில் இருந்த கம்போடியப் பெண் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதன்பிறகு 2021-இலிருந்து அப்படிப்பட்ட தங்குமிடம் கொடுக்கிற பண்ணைக்கு வேலை அனுமதி கொடுப்பதில்லை என்று அரசு விதியை இறுக்கியது. விதி வந்ததற்காக எல்லாக் கொட்டிலும் வீடாகிவிடவில்லை. கதவுக்கு உள்பூட்டு, சூடாக்கி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று ஏற்கெனவே அங்கு இருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பெண்கள் போகலாம். பொதி கட்டுகிற இடங்களில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளை உள்ள தாய் என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

"நாங்க கிண்ணியா. ஹலால் சாப்பாட்டுக்கு என்ன செய்றது? பன்றிப் பண்ணையில போட்டுட்டாங்கள் எண்டா?"

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. பண்ணைகளில் அநேகமாகத் தாங்களே சமைப்பார்கள். பன்றிப் பண்ணை நியாயமான பயம்தான். கொரியாவில் பயிரும் கால்நடையும் ஒரே துறைக்குள் வரும். ஆனால் ஒப்பந்தத்தில் என்ன வேலை என்று எழுதியிருக்கும், கையெழுத்து வைக்க முன் அதைக் காட்டுவார்கள். அந்த வரியை வாசிக்காமல் "வந்தாப் போதும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே போய் மாட்டேன் என்றால் விசா ஆட்டம் காணும்.

"அங்க போனாப் பிறகு தோட்டத்தை விட்டுட்டு டவுனில வேலை எடுக்கலாமா?"

இல்லை. இதற்கு வளைத்துப் பதில் சொல்லவே ஏலாது. தோட்ட விசா என்பது மாட்டுக்குக் கட்டுகிற கயிறு மாதிரி. நாட்டுக்கு நாடு கயிற்றின் நீளம்தான் வித்தியாசம். இஸ்ரேலில் அனுமதி உள்ள வேறு தோட்டத்துக்கு முறைப்படி மாறலாம், ஆனால் விவசாயத்தை விட்டு வெளியே போகமுடியாது. 2024-ல் அப்படித் தோட்டத்தை விட்டு பேக்கரியில் வேலை செய்த இலங்கையர் சிலர் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கொரியாவில் முதல் மூன்று வருடத்தில் மூன்று தடவை வரை இடம் மாறலாம். அதற்கும் முதலாளியின் சம்மதம் வேண்டும், அல்லது சம்பளம் தராதது, அடித்தது, தங்குமிடம் மோசம் போன்ற காரணம் இருக்கவேண்டும். ஜப்பானில் 'குறித்த திறன்' விசாவில் அதே துறைக்குள் மாறலாம். இங்கிலாந்தில் உங்களை எடுத்த நிறுவனம் மாற்றினால்தான் மாறலாம்.

ஒன்று ஞாபகம் வையுங்கள்: முதலாளி கொடுமை செய்தாலும் இரவோடிரவாக ஓடாதீர்கள். ஓடின நிமிடத்தில் பிழை உங்கள் பக்கம் ஆகிவிடும். கொப்பியும் படங்களும் இருந்தால் முறைப்பாடு செய்து மாறலாம். பாஸ்போட்டைப் பறித்து வைத்திருப்பது இஸ்ரேலிலும் கொரியாவிலும் சட்டவிரோதம், அதையும் சொல்லலாம்.

"சண்டை நடக்கிற நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பலாமா தம்பி?"

இதை ஒரு தாய் கேட்டார், மூதூர்க்காரி. 2006-ல் ஷெல்லடிக்குள் இந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினவர். அவருக்கு நான் என்ன சொல்ல? தெரிந்ததைச் சொன்னேன். தோட்டங்கள் நிறைய எல்லையை ஒட்டித்தான் இருக்கின்றன, தெற்கே காசாப் பக்கமும் வடக்கே லெபனான் பக்கமும். எந்த ஊர்த் தோட்டம், பதுங்குமிடம் எவ்வளவு தூரம் என்று கேட்கலாம், எல்லைக்குத் தூரமான இடத்துக்கு மாறவும் முயற்சிக்கலாம். பயத்தை எடுத்துவிட முடியாது. மகன் போகவில்லை, கொரிய மொழி வகுப்புக்குச் சேர்ந்திருக்கிறான்.

"டொரன்டோவில மாமா இருக்கிறார். எல்.எம்.ஐ.ஏ எடுத்துத் தாறாராம், இருபத்தஞ்சு லட்சம்."

எல்.எம்.ஐ.ஏ என்பது, இந்த வேலைக்குக் கனடாவில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி அரசாங்கத்திடம் எடுக்கிற சான்று. எடுக்கவேண்டியது முதலாளி. அந்தச் செலவையோ ஆள் சேர்க்கிற செலவையோ தொழிலாளியிடம் வாங்குவது அங்கே தடை. விற்பனைக்குள்ள சாமானே இல்லாத ஒன்றுக்குத்தான் இருபத்தைந்து லட்சம். கனடாவின் பழைய பருவகாலத் திட்டம் மெக்சிகோவுக்கும் கரீபியன் நாடுகளுக்கும் மட்டும். மற்ற நாட்டவருக்கு விவசாயப் பிரிவு என்று வேறொன்று இருக்கிறது. அதில் போக வர டிக்கெட் முதலாளி பொறுப்பு, தங்குமிடத்துக்கு வாரம் 30 டொலருக்கு மேல் கழிக்கமுடியாது. அப்படியிருக்க டிக்கெட்டும் நீங்கள், தங்குமிடமும் நீங்கள் என்றால் அது எந்தத் திட்டம்?

போன மாரியில் ஒரு பையன் அழைப்புக் கடிதம் ஒன்றைக் கொப்பி எடுக்க வந்தான். ஒன்டாரியோவில் ஸ்ட்ரோபெரித் தோட்டம், மாதம் 6,000 டொலர், சாப்பாடு இலவசம். தோட்டத்தின் பெயர் தலைப்பில் ஒரு மாதிரியும் முத்திரையில் இன்னொரு மாதிரியும் எழுத்துக்கூட்டியிருந்தது. ஜனவரி 10-ஆம் திகதி வெளித்தோட்டத்தில் பழம் பறிக்க வரச்சொல்லியிருந்தது. கடையிலிருந்தே அவனுடைய மாமாவுக்கு வீடியோ கோல் எடுத்தோம். அவர் போனைத் திருப்பி ஜன்னலைக் காட்டினார். காரின் கூரைவரை பனி. அவருக்கும் யாரோ ஒரு கூட்டாளிதான் அந்தக் கடிதத்தைக் கொடுத்திருக்கிறார். மாமாவும் பாவம், ஏமாந்தவர்களில் ஒருவர்.

"விசிட் விசாவில போய் அங்க மாத்தினா?"

கொரோனா காலத்தில் கனடா அதற்கு ஒரு சலுகை கொடுத்தது, 2024 ஓகஸ்ட் 28-உடன் நிறுத்திவிட்டது. பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. திகதியைப் பாருங்கள்.

"வயல் உறுதியை ஈடு வைச்சுப் போகலாமா?"

இங்கிலாந்துக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 32 மணித்தியாலம் வேலை உறுதி. 2025-ன் மணிக்கூலி 12.21 பவுண். 26 வாரத்துக்கு 10,158 பவுண் வருகிறது. தங்குமிடத்துக்கு நாளுக்கு 10.66 பவுண்படி கழித்தால் 1,940 போகும். மிச்சம் எட்டாயிரம் சொச்சம். அதிலிருந்து டிக்கெட், விசா, ஆறு மாதச் சாப்பாடு. அதற்குப் பிறகும் ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருந்தால் திரும்பி வரும்போது வயல் யாருடையது? ஆறு மாத விசாவுக்கு உறுதியை ஈடு வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து வருட வேலை என்றாலும் பணியகத்தின் செலவுக்கு மேல் ஒரு சதமும் கடன்படாதீர்கள்.

"காசை உண்டியலில அனுப்பினா கூடக் கிடைக்குமாமே?"

உண்டியல் என்றால் வங்கியை விட்டு ஆள் மூலம் காசு அனுப்புவது. சிலவேளை கொஞ்சம் கூடக் கிடைக்கும். வங்கி வழியாக வந்த காசுக்குத்தான் தாள் இருக்கும். பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது, பிள்ளையைப் படிக்க அனுப்பும்போது அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். உண்டியல்காரன் மறைந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

"எனக்கு குச்சவெளியில வெங்காயத் தோட்டம். எல்லாரும் வெளிநாடு போனா எனக்கு ஆர்? நான் இந்தியாவில இருந்து ஆள் எடுக்கேலுமா?"

பாதிப் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி சரியானது. சுற்றுலா விசாவில் வந்தவரை வேலைக்கு வைத்தால் வைத்தவருக்கும் வந்தவருக்கும் சிக்கல். வேலை செய்ய குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் வதிவிட விசா வேண்டும். அது அங்கீகரித்த திட்டங்களுக்கும் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் கிடைப்பது. வெங்காயம் பிடுங்க அந்த வழியில் ஆள் எடுக்க ஏலாது. அவர் இப்போது பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு பேரோடு நாள் மாற்றி நட்டு, ஒரே கூலி ஆட்களை மூன்று தோட்டத்துக்கும் சுழற்றுகிறார். கூலியும் கூட்டிக் கொடுக்கிறார்.

"காலம் முடிஞ்சு வரேக்க ஏதும் காசு வருமா?"

கொரியாவில் வரும். முதலாளி மாதாமாதம் சம்பளத்தில் 8.3 வீத அளவில் வெளியேறும்போது கொடுக்கும் காப்புறுதிக்குக் கட்டியிருப்பார். புறப்பட முன்னமே விண்ணப்பிக்கவேண்டும். மறந்து வந்துவிட்டால் மூன்று வருடத்துக்குள் கேட்கலாம். மச்சானோடு வேலை செய்த ஒருவர் ஊருக்கு வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் இதை அறிந்தார். கடையில் இருந்தே படிவம் அனுப்பினோம். பாஸ்போட் கொப்பியும் வங்கிப் புத்தகமும் கேட்டார்கள், நல்ல காலம் இரண்டையும் எறியாமல் வைத்திருந்தார்.